மயங்கி விழும் மடிக்கணினி

உயர்தர வகுப்புத் தொடங்கிய இரண்டாவது மாதம் எங்கள் வீட்டு மடிக்கணினி முதன்முறையாக மயங்கி விழுந்தது. நான் ஒப்படை ஒன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். திடீரெனத் திரை முழுவதும் நீலமாகியது. சோகமான முகம் ஒன்றும் நாலைந்து ஆங்கில வரிகளும் தோன்றின. நான் வாசித்து முடிப்பதற்குள் கணினி தானாகவே மீண்டும் தொடங்கிவிட்டது. ஒப்படையில் இரண்டு பக்கங்களைக் காணவில்லை. நான்கு நாட்கள் கழித்து மறுபடியும் விழுந்தது. இம்முறை நீலத் திரையும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. விளக்கை அணைத்தாற்போல் அணைந்துபோனது.

2020ஆம் ஆண்டு கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சூம் வகுப்புகளுக்காக வாப்பா வாங்கித் தந்த பழைய மடிக்கணினி அது. வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றுதான். ஆகவே அது விழத் தொடங்கியதும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். "எல்லாம் இவன்ட கேம்தான்" என்றார் உம்மா. தம்பி இரண்டு கிழமைக்குக் கணினியைத் தொடக்கூடாது என்று தீர்ப்பும் வந்தது. "ஹட்டன் பனி உள்ளுக்குப் போயிருக்கும்" என்றார் வாப்பா. வைரஸ் என்றேன் நான். திருத்தும் கடையொன்றில் காட்டியபோது, திறந்தும் பார்க்காமல், மதர்போர்ட் பழுது, புதிதாக ஒன்று வாங்குவதே நல்லது என்றார்கள். வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள்.

அழிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் உம்மாவின் முகம் மாறியது. மௌத்தான உம்மும்மாவின் குரல் அந்தக் கணினியில்தான் இருந்தது. அவர் எங்களுக்குச் சொன்ன பழைய கதைகளைத் தொலைபேசியில் பதிவுசெய்து, பிறகு கணினிக்கு மாற்றி வைத்திருந்தோம். தொலைபேசி எப்போதோ பழுதாகிவிட்டது. வேறு பிரதி இல்லை.

அன்றிரவு கொழும்பில் கணினித் துறையில் வேலை செய்யும் மாமாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சொன்னவை மூன்றே விடயங்கள். "முதல்ல முக்கியமானதை வேற இடத்துக்குக் கொப்பி பண்ணுங்க மகள். ரெண்டாவது, ஒரு கொப்பி வாங்கி ஒவ்வொரு தடவை விழுறதையும் எழுதுங்க. மூணாவது, தம்பியை விளையாட விடுங்க. அவனை நிப்பாட்டி வெச்சா கணக்குப் பிழைக்கும்."

இந்தக் கட்டுரை அந்தக் கொப்பியிலிருந்து பிறந்தது. வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு அல்லற்படும் தோழியருக்கும், அதைத் திருத்தக் காசு கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கணினி ஏன் விழுகிறது?

நீலத் திரையைக் கண்டு நாம் பயப்படுகிறோம். உண்மையில் அது கணினி தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது. பணிசெயல் முறைமையின் உட்பகுதியில் ஏதோ ஒரு கணக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும், தொடர்ந்து இயங்கினால் கோப்புகள் சிதைந்துவிடும் என்பதால் அது நின்றுவிடுகிறது. கினிகத்தேனை வளைவுகளில் பிரேக்கில் சந்தேகம் வந்ததும் சாரதி பஸ்ஸை ஓரம் கட்டுவதைப் போன்றது இது. பயணிகளுக்குக் கோபம்தான். ஆனால் உயிர் தப்புகிறது.

ஒன்றும் சொல்லாமல் அணைந்துபோவது வேறு வகை. அங்கே பணிசெயல் முறைமைக்கு ஒரு சொல் எழுதவும் அவகாசம் கிடைப்பதில்லை. பெரும்பாலும் மின்சாரம் நின்றிருக்கும், அல்லது சூடு எல்லை மீறியதால் வன்பொருளே தன்னை அணைத்திருக்கும். நாங்கள் இந்த இரண்டு வகையையும் ஒரே நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் முதல் பிழை அதுதான்.

முதலில் பிரதி

வன்தட்டு பழுதாகிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறை கணினி விழுவதும் ஆபத்து. ஆகவே காரணம் தேடுவதற்கு முன் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும். நான் உம்மும்மாவின் பதிவுகள், குடும்பப் படங்கள், பாடக் குறிப்புகள், வாப்பாவின் கடைக் கணக்கு ஆகியவற்றைப் புதிய பென் டிரைவ் ஒன்றிலும், முக்கியமானவற்றை இணையச் சேமிப்பிலும் வைத்தேன். பிரதியெடுத்தால் மட்டும் போதாது. அதை வேறொரு கருவியில் திறந்து பார்க்க வேண்டும். அயல்வீட்டுக் கணினியில் பென் டிரைவைப் போட்டு உம்மும்மாவின் குரலைக் கேட்ட பிறகுதான் உம்மாவுக்கு நிம்மதி வந்தது. அதன்பின் எந்தச் சோதனைக்கும் பயமில்லாமல் போயிற்று.

கொப்பி சொன்ன சாட்சி

1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க் 2 என்னும் பெரிய கணினி பிழை செய்தது. பொறியியலாளர்கள் தேடியபோது உள்ளே ஓர் அஞ்சல் சுவிட்சில் அந்துப்பூச்சியொன்று சிக்கியிருந்தது. அதை எடுத்து, நேரத்தையும் குறித்து, பதிவுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். கிரேஸ் ஹொப்பர் என்ற பெண் கணினி அறிஞர் இக்கதையைப் பலருக்கும் சொல்லிப் பிரபலமாக்கினார். அப்புத்தகம் இன்றும் அமெரிக்கத் தேசிய வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. எல்லோரும் பூச்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பதிவுப் புத்தகமே பெரிதாகத் தெரிகிறது. அது இல்லாவிட்டால் பூச்சியும் இல்லை.

என் கொப்பியில் ஆறு நிரல்கள் கீறினேன்: திகதியும் நேரமும், கணினி எங்கே இருந்தது, சார்ஜர் செருகியிருந்ததா, யார் என்ன செய்துகொண்டிருந்தார், தொடங்கி எவ்வளவு நேரம், திரையில் என்ன வந்தது. நீலத் திரையின் வாசகம் கண்மூடித் திறக்குமுன் மறைந்துவிடுவதால், விண்டோஸின் முறைமை அமைப்புகளில் "தானாக மீளத் தொடங்கு" என்ற தெரிவை நிறுத்தி வைத்தேன். அதன்பின் திரை அப்படியே நின்றது. தொலைபேசியால் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது.

விண்டோஸிடமும் ஒரு கொப்பி உண்டு. தொடக்கப் பட்டியலில் "ரிலையபிலிட்டி" என்று தேடினால் ரிலையபிலிட்டி மொனிட்டர் என்ற பக்கத்துக்கு வழி கிடைக்கும். அதில் கணினி எந்த நாளில் விழுந்தது, அதே நாட்களில் எந்த மென்பொருள் புதிதாக ஏறியது என்பவை வரைபடமாகத் தெரியும். ஈவென்ட் வியூவர் என்பது இன்னும் விரிவான பதிவேடு. அதில் "கேர்னல் பவர் 41" என்ற பதிவைக் கண்டதும் பலர் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அந்தப் பதிவின் பொருள், கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பது மட்டுமே. ஆள் விழுந்தார் என்று அது சொல்லும். ஏன் விழுந்தார் என்று சொல்லாது.

மூன்று கிழமைகளில் கொப்பியில் பதினொரு வரிகள் சேர்ந்தன. ஓர் இரவு அவற்றை வகைப்படுத்தினேன். சொல்லாமல் அணைந்தவை நான்கு. நான்கும் இஷாவுக்குப் பின், கட்டிலில், கம்பளியின் மேல், முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் ஓடிய பிறகு. நீலத் திரை வந்தவை ஏழு. அவை காலையிலும் வந்தன, மாலையிலும் வந்தன. மேசையிலும் வந்தன, கட்டிலிலும் வந்தன. வாசகங்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. பதினொன்றில் தம்பி விளையாடிக்கொண்டிருந்தபோது விழுந்தது இரண்டே இரண்டு முறை. என் கையில் விழுந்தது ஆறு முறை.

கம்பளியின் குற்றம்

குளிரான ஊரில் கணினி சூடாகாது என்று நாங்கள் நம்பியிருந்தோம். கணினி நம்மைப் போலக் காற்றைச் சுவாசிப்பது. அடிப்பக்கத் துவாரங்களால் குளிர்காற்றை இழுத்து, மையச் செயலியின் சூட்டை ஏற்றி, பக்கவாட்டால் வெளியே தள்ளுகிறது. நமக்குக் குளிர்வதால் நாம் அதைக் கம்பளிக்குள் வைக்கிறோம். துவாரம் அடைபடுகிறது. பல மடிக்கணினிகளின் மையச் செயலி ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிலும் தணியாவிட்டால் உள்ளே எதுவும் எரிந்துவிடாதபடி அணைந்துவிடும்.

வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருளொன்றைக் கொண்டு அளந்தேன். மேசையில் 71 பாகை. கம்பளியில் அரை மணித்தியாலத்தில் 96 பாகை. வெளியே நல்ல மூடுபனி.

உயரமும் காரணமோ என்று பார்த்தேன். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றரிலும் நுவரெலியா சுமார் 1,870 மீற்றரிலும் இருக்கின்றன. மேலே போகப் போகக் காற்று ஐதாகும். ஹட்டனில் கடற்கரையைவிடப் பத்திலொரு பங்குக்குச் சற்று அதிகமாகவே காற்றின் அடர்த்தி குறைவு. ஐதான காற்று குறைந்த சூட்டையே சுமக்கும் என்பது பௌதிகவியல். ஆயினும் மடிக்கணினிகள் பொதுவாகச் சுமார் 3,000 மீற்றர் வரை இயங்கக்கூடியவாறே செய்யப்படுகின்றன. நமது குளிரும் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. ஆகவே மலையைக் குற்றஞ்சாட்ட முடியாது. கம்பளியைத்தான் சாட்ட வேண்டும்.

இதற்கான வைத்தியம் காசில்லாதது. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, துவாரங்களில் படிந்திருந்த கம்பளிப் பஞ்சையும் தூசியையும் மென்மையான தூரிகையால் அகற்றினேன். கட்டிலில் வைப்பதானால் கீழே ஒரு பலகை. பழைய கொங்கிறீட் அச்சுப் பலகையொன்றை வாப்பா அறுத்துத் தந்தார். சொல்லாமல் அணைவது அன்றோடு நின்றது.

வாப்பா சொன்ன பனியிலும் ஓர் உண்மை இருந்தது. குளிரில் கிடந்த கணினியை அடுப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால், தேநீர்க் கோப்பைக்கு மேலே குனிந்தவரின் கண்ணாடியில் ஆவி படிவதுபோல, அதனுள்ளும் ஈரம் படியலாம். அப்படிக் கொண்டுவந்தால் ஒரு மணித்தியாலமளவு பொறுத்து இயக்குவது நல்லது.

மின்சாரமும் பெட்டரியும்

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் லக்சபான மின் நிலையமும் இருக்கும் மலையில் வாழ்கிறோம். நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் நீர் நம் கண்முன்னால் ஓடுகிறது. இருந்தும் மின்தடை நமக்கும் வரும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் மின்சாரம் போனது.

மடிக்கணினியில் நல்ல பெட்டரி இருந்தால் இது அதைப் பாதிக்காது. பெட்டரி செத்திருந்தால், விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினாலும் கணினி அணைந்துவிடும். சோதிப்பது இலகு. வேலைகளைச் சேமித்துவிட்டு, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைக் கழற்றுங்கள். உடனே அணைந்தால் குற்றவாளி பெட்டரி. எங்களுடையது ஒன்றரை மணித்தியாலம் ஓடியதால் அதை விடுதலை செய்தோம். இடி மின்னல் நேரத்தில் மட்டும், குறிப்பாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், சுவர்ச் செருகியைக் கழற்றிவிடுங்கள். ஆளியை மட்டும் அணைப்பது போதாது.

நீலத் திரையின் காரணம்

ஏழு நீலத் திரைகள் மீதமிருந்தன. ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட மென்பொருள் அல்லது சாதனச் செலுத்தி காரணமாக இருக்கும். புதிதாக எதையாவது ஏற்றிய பின்னரா விழத் தொடங்கியது என்று பாருங்கள். 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றால், உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளில் நீலத் திரை வந்தது. விமானங்கள் நின்றன, வங்கிகள் தடுமாறின. அந்தக் கணினிகளின் வன்பொருளில் ஒரு பழுதும் இல்லை. பல இடங்களில் கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடக்கி, பிழையான கோப்பை நீக்கித்தான் மீட்டார்கள். பாதுகாப்பு நிலை என்பது மிகவும் தேவையான பகுதிகளுடன் மட்டும் கணினி தொடங்குவது. அந்நிலையில் விழாமல் ஓடினால் சந்தேகத்தை மென்பொருள் பக்கம் திருப்பலாம்.

எங்களுக்கோ வாசகம் ஒவ்வொரு முறையும் மாறியது. அப்படியானால் ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தைப் பார்க்கச் சொன்னார் மாமா. ஏன் என்று கேட்டேன். அவர் வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பியை உதாரணம் காட்டினார். அதில் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிய இலக்கம் தானாக மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் இன்று அரிசி விலை இருந்தால் அரிசியில் சண்டை. நாளை ஒருவரின் கடன் இருந்தால் கடனில் சண்டை. பிழை ஒன்றுதான், சண்டைகள் வேறு. பழுதான ராமும் அப்படியே. அந்த இடத்தில் எது வந்து உட்காருகிறதோ அதுவே கெட்டுப்போகும்.

விண்டோஸிலேயே மெமரி டயக்னோஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது. தொடக்கப் பட்டியலில் தேடி இயக்கினால் கணினி மீளத் தொடங்கி, சற்று நேரம் எடுத்துச் சோதித்து முடிவைச் சொல்லும். எங்களுக்கு வன்பொருள் பிரச்சினை என்று வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த மாமா அடிமூடியைத் திறந்தார். உள்ளே நான்கு ஜிகாபைட் கொண்ட இரண்டு ராம் பலகைகள். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதோடு மட்டும் ஓடவிட்டோம். பத்து நாட்கள் விழவில்லை. பிறகு, அவர் காட்டித் தந்தபடி நானே இடம் மாற்றினேன். இரண்டாம் நாளே விழுந்தது. அதே பலகையை அடுத்த துவாரத்தில் செருகினேன். அங்கும் விழுந்தது. பழுது அந்தப் பலகையோடு கூடவே போனது. துவாரத்திலும் இல்லை, மதர்போர்டிலும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதன் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது. இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் கணினி திருந்தியிருக்கும், காரணம் தெரிந்திருக்காது.

வன்தட்டையும் சோதித்தோம். அதன் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. கோப்புகள் திறக்க மறுத்தாலோ, பழைய சுழலும் வன்தட்டிலிருந்து டிக் டிக் என்ற சத்தம் கேட்டாலோ, வேறு வேலை பார்க்காமல் முதலில் பிரதியெடுங்கள். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது கடைசி வழி. எங்கள் கணினியில் அதைச் செய்திருந்தால் உம்மும்மாவின் குரல் போயிருக்கும், நீலத் திரை இருந்திருக்கும்.

கடைக்குக் கொடுக்கும்போது

எல்லாவற்றையும் வீட்டில் செய்யக்கூடாது. பெட்டரி வீங்கி மூடி சரியாக மூடாவிட்டால், எரிந்த மணம் வந்தால், தண்ணீரோ தேநீரோ ஊற்றுப்பட்டால், உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, தெரிந்தவரிடம் கொடுங்கள். வீங்கிய பெட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. அது தீப்பற்றும்.

கொடுக்குமுன் சொந்தப் படங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கணினியிலிருந்து நீக்குங்கள். மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைப் பெற்றோர் மறக்கக்கூடாது. கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். குறிப்புக் கொப்பியையும் கொண்டுபோங்கள். "அடிக்கடி விழுகிறது" என்பவருக்கும், "பதினொரு முறை விழுந்தது, இன்னின்ன நேரத்தில்" என்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

தம்பிக்கு எழுதிக் கொடுத்தது

இப்போது எங்கள் கணினி நான்கு ஜிகாபைட்டோடு மெதுவாக ஓடுகிறது. இன்னொரு ராம் பலகை வாங்கும் வரை அப்படித்தான். "மெதுவாப் போனாலும் விழாமப் போகுதே" என்கிறார் வாப்பா.

ஒரு கணக்கு மட்டும் பாக்கியிருந்தது. செய்யாத குற்றத்துக்குத் தம்பி சில நாட்கள் தண்டனை அனுபவித்திருந்தான். உம்மா அவனைக் கூப்பிட்டு, "மகன், நாங்க பிழையா நெனச்சிட்டம்" என்றார். அவன் சற்று யோசித்துவிட்டு, "அதையும் கொப்பியில எழுதுங்க" என்றான். எழுதினேன். திகதியும் போட்டேன்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்த பின்பே முடிவெடுக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே மார்க்க வகுப்பில் படித்து வந்திருக்கிறோம். அதை மனிதர்கள் கொண்டுவரும் செய்திகளுக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு பழைய மடிக்கணினி விழுந்தபோதும் நாங்கள் முதலில் செய்தது விசாரணையல்ல, குற்றச்சாட்டு. தோழியரே, உங்கள் வீட்டுக் கணினி அடுத்த முறை மயங்கி விழும்போது, யாரையும் ஏசுமுன் ஒரு கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.